இடது தோளில் ஒரு கை

அந்தக் கை எப்போதும் விரல்களை விரித்துக்கொண்டுதான் வரும். முஷ்டி கிடையாது, முழங்கை கிடையாது. உள்ளங்கை முழுவதும் என் இடது தோளில் பதியும். அடுத்த கணம் நான் மண்ணில் கிடப்பேன். விழுந்தவனைத் தூக்கிவிட வருவதும் அதே கைதான். தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் துவர்ப்பு வாசனையும் கொஞ்சம் அத்தர் வாசனையும் அதில் கலந்திருக்கும். இத்தனை வருஷம் கழித்தும், கூட்டத்தில் யாராவது என் இடது தோளைத் தொட்டுவிட்டால் போதும், என் இரண்டு கைகளும் தாமாக முன்னால் வந்து இல்லாத ஒரு பந்தைப் பிடித்துக்கொள்ளும். என் மனைவி இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், "அந்தப் பாய் இன்னும் உங்களைத் தள்ளிக்கினுதான் இருக்காரா?" என்று கேட்பாள். ஆமாம், தள்ளிக்கொண்டுதான் இருந்தார். அதற்காக அவருக்கு நேரில் சொல்லாமல் விட்ட நன்றியைச் சொல்லத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் வாணியம்பாடிக் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்குக் கேப்டன். நான் வேலூரில் படித்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. நாங்கள் அவரை கேப்டன் பாய் என்றுதான் சொல்வோம். கூடைப்பந்து அப்போது எங்கள் பக்கத்துக்குப் புதுசு. மெட்ராஸில் பயிற்சி எடுத்துவந்த எங்கள் டிரில் மாஸ்டர், தாம்தான் அதை வேலூருக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லிக்கொள்வார். நாங்களும் மறுத்துப் பேசியதில்லை. மண் தரை, வெறுங்கால், இரண்டு மரக் கம்பம், பலகை, கொல்லன் அடித்துக்கொடுத்த இரும்பு வளையம், அவ்வளவுதான். பந்துக்குப் பூட்ஸ் மாதிரி கயிறு கோத்துக் கட்டியிருக்கும். கட்டிய பக்கம் தரையில் பட்டால் பந்து தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் போகும். ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் எல்லாரும் மறுபடி நடுவுக்கு வந்து, இரண்டு பேர் எம்பிக் குதித்துத்தான் ஆட்டம் தொடரவேண்டும். அந்தக் குதிப்புக்காக என்னை அணியில் சேர்த்தார்கள். நான் பனைமர உயரம். உயரத்தைத் தவிர வேறு ஏதாவது எனக்கு வருமா என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பிலிருந்து வந்தவன் நான். அப்பா பாயிண்ட்ஸ்மேன், வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிறவர். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான் என்பதை எனக்கு முன்னாலேயே எல்லாரும் தெரிந்துவைத்திருந்தார்கள். அதனால் என்னிடம் எல்லாருக்கும் பிரியம். இதைக் குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமான பிரியம்தான். இங்கிலீஷ் வகுப்பில் வாத்தியார் என்னைக் கேள்வி கேட்டால் பக்கத்தில் இருப்பவன் எழுந்து, "அவன் சொல்ல வர்றது இன்னான்னா சார்" என்று ஆரம்பித்துவிடுவான். நான் சொல்ல வந்தது பெரும்பாலும் அதுவாக இருக்காது. ஆனாலும் பதில் சரியாக இருக்கும், வாத்தியார் தலையாட்டுவார், நான் உட்கார்ந்துவிடுவேன். விடுதியில் எனக்கு வேண்டியதை வேறொருவர் கேட்டு வாங்குவார். எனக்குக் காய்ச்சல் என்றால்கூட டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று இன்னொருவர் சொல்வார். எனக்காகப் பேச எப்போதும் ஆள் இருந்ததால் எனக்குப் பேச வராது என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. கொஞ்ச நாளில் நானும் அதை நம்பிவிட்டேன்.

என்னிடம் பிரியம் வைத்தவர்களில் முதல் ஆள் எங்கள் அணியின் தலைவர். வேலூரில் பெரிய வக்கீல் வீட்டுப் பிள்ளை, எனக்கு ஒரு வகுப்பு மேலே. நாங்கள் அண்ணன் என்போம். நாக்கும் கையும் ஒன்றுக்கொன்று சளைக்காதவை அவருக்கு. அந்தக் காலத்துச் சட்டப்படி, ஆட்டத்தில் யாரை யார் தள்ளினாலும் பிடித்து இழுத்தாலும், தவறுக்கு ஈடாகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவை அணியில் ஒரே ஒருத்தர் போட்டால் போதும். கோட்டில் நின்று, யாரும் மறிக்காமல், நிதானமாக வளையத்தில் போடும் பந்து அது. எங்களுக்கு அண்ணன்தான் போடுவார். பந்தை இரண்டு கையாலும் முழங்கால் வரைக்கும் இறக்கி, ஊஞ்சல் ஆட்டுவதுபோல் ஒரு ஆட்டு ஆட்டி விடுவார். சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். அடிபட்டு விழுந்தவன் புழுதியைத் தட்டிக்கொண்டு நிற்பான். அண்ணன் வந்து புள்ளி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். விழுகிற வேலை ஒருவனுக்கு, போடுகிற வேலை இன்னொருவனுக்கு. என்னைப் போன்றவனுக்கு அது ரொம்ப வசதியான ஏற்பாடு.

அந்த வசதியில் மண் விழுந்தது. ஒரு வருஷம் கல்லூரி திறந்ததும் டிரில் மாஸ்டர் மெட்ராஸிலிருந்து புதுச் சட்டத்தோடு வந்து இறங்கினார். வெளிநாட்டில் மாற்றி ரொம்ப நாளாகிவிட்டதாம், நமக்குத்தான் கப்பல் ஏறி ஆடி அசைந்து வந்து சேர்ந்திருக்கிறது. இனிமேல் யார் மேல் ஃபவுல் நடந்ததோ அவர்தான் ஃப்ரீ த்ரோ போடவேண்டும். பதிலாள் கிடையாது. மாஸ்டர் இதைச் சொன்னதும் எங்கள் அணி மொத்தமும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அந்த வருஷத்து முதல் ஆட்டத்துக்கு வாணியம்பாடிக்காரர்கள் வேலூர் வந்தார்கள். கேப்டன் பாய் ஒல்லியான ஆள், குறுந்தாடி, சுறுசுறுப்பான கண். தோல் மண்டி வைத்திருக்கும் குடும்பம். வீட்டில் உருது, எங்களோடு தமிழ், ரெஃபரியோடு இங்கிலீஷ். ஆட்டம் தொடங்கியதும் எங்களில் ஒவ்வொருவரையும் ஒரு தடவை லேசாக இடித்துப் பார்க்கும்படி தம் ஆட்களுக்குச் சொல்லியிருந்திருக்கிறார். மண்டிக்கு வந்த தோலை ஓரத்தில் விரல் வைத்துத் தடவிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. மற்றவர்கள் ஏதோ பாதிக்குப் பாதி போட்டார்கள். நான் போட்டது பலகையில்கூடப் படவில்லை. அதற்குப் பிறகு நான் கூடைக்குக் கீழே பந்தோடு நிமிர்ந்த போதெல்லாம் அந்தக் கை வந்தது. எம்பிப் போட்டால் இரண்டு புள்ளி நிச்சயம். தள்ளிவிட்டால் இரண்டு ஃப்ரீ த்ரோ, அதில் ஒன்றும் தேறாது. ஒரு ஆள் நாலு ஃபவுல் செய்தால் வெளியே போகவேண்டும் என்பது சட்டம். மூன்று வரைக்கும் எண்ணி எண்ணி என்மேல் செலவழித்தார். நாங்கள் தோற்றோம்.

வேலூரே கொதித்தது. தெரிந்தே தள்ளுவது ஆட்டமா, அக்கிரமமா என்று விடுதியில் சோற்றுத்தட்டுக்கு முன்னால்கூடச் சண்டை. கடைசியில் இரண்டு கல்லூரிகளின் விவாத மன்றங்களும் சேர்ந்து இதையே தலைப்பாக வைத்து எங்கள் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். இங்கிலீஷில் தொடங்கிய விவாதம், சூடு ஏற ஏறத் தமிழுக்கு வந்து, நடுநடுவே உருதுவிலும் தெறித்தது. அண்ணன் பிரமாதமாகப் பேசினார். சட்டம் இருப்பது ஒருவனை அடிக்காமல் இருப்பதற்கு, அடித்துவிட்டு அபராதம் கட்டுவதற்கு அல்ல என்றார். பலவீனமான இடத்தைப் பார்த்துக் குத்துவது வீரமா என்று கேட்டார். நொண்டியைத் தள்ளிவிட்டு, எழுந்து ஓடு பார்க்கலாம் என்பதுபோல் இருக்கிறது என்றார். மண்டபம் கைதட்டியது. நொண்டி யார் என்று தெரிந்துகொள்வதற்காக முன்வரிசையிலிருந்த பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் எல்லார் தலைக்கும் மேலே தெரிந்துகொண்டிருந்தேன். குனிந்தாலும் மறைய முடியாத உயரம்.

கேப்டன் பாய் எழுந்து கத்தாமல் பேசினார். தள்ளுவது தப்புத்தான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டார். அதனால்தான் விசில் ஊதுகிறார்கள், அதனால்தான் நாலாவது தடவை என்னை வெளியே அனுப்புகிறார்கள் என்றார். ஆனால் தள்ளப்பட்டவனுக்குச் சட்டம் என்ன கொடுக்கிறது, அதையும் பாருங்கள் என்றார். அத்தனை பேரும் நிற்கவேண்டும். எதிரில் ஒரு ஆள் வரக்கூடாது. மைதானம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஒருவனுக்காகக் காத்திருக்கிறது. விழுந்தவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா? போன வருஷம் வரைக்கும் அந்த மரியாதை எங்கே போனது? இப்படிக் கேட்டுவிட்டு அண்ணனை நேராகப் பார்த்துச் சொன்னார்: "நான் தப்பு பண்றேன், இல்லேன்னு சொல்லல. ஆனா அவரோட பந்தை நான் எடுத்துக்கல."

பிறகு அவர் கூட்டத் தலைவரைப் பார்த்து, இவ்வளவு நேரமாக இவரைப் பற்றிப் பேசுகிறோமே, இவரை யாராவது கேட்டீர்களா என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்: "அவன் பேசமாட்டாம்பா. சுபாவம் அப்படி." மண்டபமும் பிரியமாகச் சிரித்தது. ஓட்டெடுப்பு நடந்தது. தெரிந்தே செய்யும் ஃபவுல் அக்கிரமம் என்று எங்கள் பக்கம் அமோகமாக ஜெயித்தது. நானும் கை தூக்கினேன். வேடிக்கையைப் பாருங்கள், இரண்டு ஊர்க்காரர்களும் கூடி எதையெல்லாமோ மறுத்தார்கள், எதிர்த்தார்கள். எனக்குப் போட வராது என்பதை மட்டும் ஒருத்தரும் மறுக்கவில்லை. அந்தத் தீர்மானத்துக்கு என் ஓட்டும் விழுந்தது.

அடுத்த ஆட்டம் வாணியம்பாடியில். காட்பாடியிலிருந்து பாசஞ்சர் பிடித்துப் போனோம். ஆம்பூர் தாண்டியதும் வண்டிக்குள் தோல் வாசனை ஏறும். எங்கள் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள், எனக்கு அது வீட்டுக்குப் போகிற வாசனை. அங்கே மைதானத்துக் கோடுகளைத் தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புக் குழியிலிருந்து கொண்டுவந்த சுண்ணாம்பால் போட்டிருந்தார்கள். வெடிப்பு விழுந்த வெறுங்கால் அதில் பட்டால் சுரீர் என்று எரியும். ஆட்டம் சமமாகவே போனது. எங்களுக்கு ஒரு புள்ளி குறைவு, முடிய இன்னும் சில நொடிதான் பாக்கி என்று கடிகாரம் பார்க்கிறவர் கை காட்டினார். பந்து என்னிடம் வந்தது. கூடைக்கு நேர் கீழே நிற்கிறேன். எம்பினால் ஜெயம். எம்பினேன். கை வந்தது.

அது அவருடைய நாலாவது ஃபவுல். ரெஃபரியாக நின்ற எங்கள் டிரில் மாஸ்டர் விசில் ஊதி, அவர் வெளியே என்றும் எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ என்றும் சைகை காட்டிய அதே சமயம் பள்ளிவாசலிலிருந்து அந்திநேரத்து மக்ரிப் பாங்கு கேட்டது. அங்கே அது எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம். பாங்கு கேட்டால் பந்து நின்றுவிடும். அவர்கள் தொழுகைக்குப் போனார்கள். நாங்கள் மைதானத்திலேயே நின்றோம். கோட்டின்மேல் பந்து தனியாகக் கிடந்தது.

அந்த இடைவேளையில் அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. இது நட்பு ஆட்டம்தானே, பழைய வழக்கப்படி எனக்குப் பதிலாகத் தாம் போடலாமே என்று மாஸ்டரிடம் கேட்டார். சட்டத்தில் இடமில்லை, ஆனால் இரண்டு கேப்டன்களும் மனமொத்துக் கேட்டால் நான் குறுக்கே நிற்கப்போவதில்லை என்றார் மாஸ்டர். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? தூக்கு மேடையில் நிற்கிறவனுக்கு மன்னிப்பு வந்ததுபோல் இருந்தது. பாய் மட்டும் சரி என்று சொல்லிவிடவேண்டும் என்று மனசுக்குள் அத்தனை ஜெபத்தையும் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் அவர்கள் தொழுதுகொண்டிருக்க, இந்தப் பக்கம் நானும் என் பங்குக்கு ஆண்டவனைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தேன்.

கேப்டன் பாய் முழங்கை வரை மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிக்கொண்டே திரும்பிவந்தார். அண்ணன் விஷயத்தைச் சொன்னார். கெஞ்சவில்லை, ஆனால் குரலில் கெஞ்சல் இருந்தது. பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "தள்ளுனது இவரை. போடவேண்டியதும் இவர்தான்." அவ்வளவுதான் சொன்னார். தொழுதுவிட்டு வந்த வாயால் இப்படிப் பேசுகிறாயே என்று எங்கள் பையன் ஒருவன் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டவர் என்பதால் கோட்டுக்கு வெளியே போய்க் கைகட்டி நின்றுகொண்டார். அந்த நிமிஷத்தில் அவரைப்போல் நான் வேறு யாரையும் வெறுத்ததில்லை.

போட்டேன். முதல் பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. இரண்டாவது, சொல்ல வெட்கமாயிருக்கிறது, வளையம் வரைக்கும் போய்ச் சேரவில்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஷாப்பிலிருந்து வேலை முடிந்து வந்த ஆட்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாரும்தான். ஆட்டம் முடிந்தது. எங்கள் பையன்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, பரவாயில்லைடா, உன் தப்பா இது என்று தேற்றினார்கள். அந்தத் தேறுதல்தான் சிரிப்பைவிட வலித்தது. நான் முகம் கழுவப் போன இடத்துக்குக் கேப்டன் பாய் வந்தார். அவர் தேற்றவில்லை, சிரிக்கவுமில்லை. சுண்ணாம்பு பட்ட என் காலைப் பார்த்துவிட்டு, தண்ணி ஜாஸ்தியா ஊத்திக் கழுவு, இல்லேன்னா ராத்திரி எரியும் என்றார். போகும்போது ஒன்று சொன்னார்: "அடுத்த வருஷமும் உன்னத்தான் தள்ளுவேன். தெரிஞ்சிக்கோ."

பாசஞ்சரில் எங்கள் பையன்கள் எதிர்ப் பக்கம் வேலூருக்குப் போனார்கள். நான் அடுத்த வண்டியில் ஜோலார்பேட்டைக்கு, வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் அவர் சொன்னதையே அசைபோட்டேன். முதலில் மிரட்டல் மாதிரி இருந்தது. ஊர் நெருங்க நெருங்க அது வேறு மாதிரி கேட்டது. அடுத்த வருஷமும் இந்தக் கோட்டில் என்னைத்தான் நிறுத்தப்போகிறேன் என்று என் வாழ்க்கையில் அதுவரை ஒரு மனுஷன் சொன்னதில்லை. மற்ற எல்லாரும் என்னை அதிலிருந்து காப்பாற்றத்தான் பார்த்தார்கள்.

கோடை விடுமுறை முழுக்க எனக்கு அதே வேலை. மாஸ்டரிடம் கேட்டு ஒரு கிழட்டுப் பந்தை வாங்கிவந்திருந்தேன். பீப்பாய் வளையம் ஒன்றைக் குடியிருப்புப் புளியமரத்தில் கட்டினேன். இன்ஜின் ஷெட்டில் வேலை முடிந்து கரிமுகத்தோடு போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "இன்னாடா, காலேஜ்ல இத்தத்தான் சொல்லித் தர்றாங்களா?" என்று கேட்பார்கள். நாளாக ஆக, அவர்களே பந்தைப் பொறுக்கிப் போடவும் ஆரம்பித்தார்கள். அண்ணனுடைய ஊஞ்சல் ஆட்டம் எனக்கு வரவில்லை. என் நீளக் கைக்கு அது சரிப்படவில்லை. முழங்கால் வரை இறக்காமல் இடுப்பிலிருந்தே தூக்கிவிட்டால் பந்து நேராகப் போகிறது என்பது ஒரு சாயங்காலம் தானாகப் பிடிபட்டது. அப்பா லாந்தரைக் கையில் பிடித்தபடி நின்று பார்த்தார். அவர் விளையாட்டையெல்லாம் பாராட்டுகிற ஆளில்லை. "பாயிண்ட் சரியா விழுந்தா கைக்கே தெரியும், பாக்கத் தேவையில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனார்.

மறுவருஷம் வாணியம்பாடி அணி வேலூர் வருவதற்கு முன்னால் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். இந்த வருஷம் முன்கூட்டியே அவர்களுக்கு எழுதி, எனக்கு மட்டும் விலக்குக் கேட்கப்போவதாகச் சொன்னார். என்னை ஆட்டத்திலிருந்து நிறுத்த மனமில்லை, அவமானப்படவிடவும் மனமில்லை, அதனால் இந்த ஏற்பாடு. எத்தனை நல்ல மனசு! "வேணாம் அண்ணா. நானே போடறேன்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. அவரிடம் நான் எதையும் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்கும் பழக்கமில்லாத விஷயம்.

சொன்ன சொல் தவறாதவர் கேப்டன் பாய். ஆட்டம் சூடுபிடிப்பதற்குள்ளேயே கை வந்தது, நான் விழுந்தேன், விசில் ஊதியது. அண்ணன் பழைய பழக்கத்தில் பந்தை எடுத்துக்கொண்டு கோட்டுக்கே போய்விட்டார். போனவர் நின்றார். பந்தை ஒரு தரம் கையில் உருட்டிப் பார்த்தார். திரும்பிவந்து என் கையில் வைத்து, விரல்களை அதன்மேல் மூடிவிட்டுப் போனார். நான் கோட்டில் நின்றேன். பாய் அன்றைக்கு மண்டபத்தில் சொன்னது உண்மைதான். ஒருத்தரும் அசையவில்லை. வேலூர்க் கோட்டை அகழிப் பக்கமிருந்து காக்கை கத்தியது மட்டும் கேட்டது. இடுப்பிலிருந்து தூக்கிவிட்டேன். உள்ளே. இரண்டாவதும் உள்ளே. எங்கள் பையன்கள் கத்தவே மறந்துபோனார்கள்.

அதிர்ஷ்டமா நிஜமா என்று பார்க்க அவர் இன்னொரு தடவை தள்ளினார். வியாபாரி இல்லையா, ஒரு தோலைப் பார்த்து விலை சொல்லமாட்டார். அப்போதும் இரண்டும் உள்ளே போயின. பிறகு மூன்றாம் முறை நான் கூடைக்குக் கீழே பந்தோடு நிமிர்ந்தேன். விரல்களை விரித்துக்கொண்டு கை வந்தது. என் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. ஒரு கணம் அங்கேயே இருந்தது. பிறகு மெதுவாகப் பின்னால் போய்விட்டது. நான் எம்பிப் போட்டேன். அந்தக் கை பின்வாங்கியதைவிடப் பெரிய பரிசு எனக்கு எந்த மேடையிலும் கிடைக்கவில்லை. ஆட்டத்தில் தோற்றோம் என்பது வேறு விஷயம். என்னைத் தள்ளுகிற வேலை ஒழிந்ததும் அவர் ஓடி ஓடிக் கூடை போட ஆரம்பித்துவிட்டார், அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. முடிந்ததும் என் பக்கத்தில் வந்து, "உன்னத் தள்ளி இனிமே பிரயோஜனமில்லப்பா. பேஜாரா போச்சு" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அலுத்துக்கொண்ட மனுஷனை நான் பார்த்ததில்லை.

படிப்பு முடிந்து ரயில்வேயில் வேலை கேட்டுப் போன அன்று, தேர்வு செய்த துரை என்னைக் கேள்வி கேட்டதும் பக்கத்திலிருந்த குமாஸ்தா இரக்கப்பட்டு எனக்காகப் பதில் சொல்ல ஆரம்பித்தார். நானே சொல்கிறேன் என்று நான் குறுக்கிட்டேன். உடைந்த இங்கிலீஷ்தான், ஆனால் என்னுடையது. கார்டு வேலை கிடைத்தது. வருஷக்கணக்காகப் பச்சைக்கொடியோடு வாணியம்பாடி பிளாட்பாரத்தில் இறங்கி நின்றிருக்கிறேன். சரக்கு அனுப்ப வரும் பாய், தாடி நரைத்த பிறகும், பின்னால் வந்து இடது தோளில் ஒரு தள்ளு தள்ளுவார். வண்டி கிளம்பும் வரைக்கும் அந்தப் பழைய விவாதத்தைத் தொடர்வோம். தெரிந்தே செய்கிற ஃபவுல் தப்பா, சரியா? தப்புத்தான் என்று நான் சாதிப்பேன். தப்புத்தான், யார் இல்லேன்னா என்று அவரும் சொல்வார். கடைசிவரை எங்களுக்குள் அது தீரவில்லை. அண்ணன் பெரிய வக்கீலாகி, ஊமை வாய்க்கெல்லாம் பேசினார். அவர் பிரியத்துக்கும் நான் நன்றி உள்ளவன்தான். ஆனால் யாராவது உன்னை ஆளாக்கியது யார் என்று கேட்டால், எதிரணிக்காரர் என்றுதான் சொல்வேன்.

போன மாதம் அவர் போய்விட்ட செய்தி வந்தது. பாசஞ்சர் பிடித்துப் போனேன். ஆம்பூர் தாண்டியதும் அதே வாசனை. வாணியம்பாடியில் அவர் வீட்டிலிருந்து பள்ளிவாசல் வரைக்கும் தெரு நிறைய ஜனம். உடலை வைத்த சந்தூக்கைத் தோளில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். நாலடிக்கு ஒரு ஆள் மாறி மாறித் தோள் கொடுப்பார்கள். இன்னார்தான் கொடுக்கலாம் என்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. நானும் கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு போய் வலப்பக்கம் நுழைந்தேன். அந்தப் பக்கம் நின்றால் இடது தோளில்தான் வாங்கிக்கொள்ள முடியும். வாங்கிக்கொண்டேன். உயரம் இப்போதும் உதவியது. வெயில், வயசு, கால் கொஞ்சம் தள்ளாடியது. பின்னாலிருந்த ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டான். பாய்க்குப் பேரன் முறையாக இருக்கவேண்டும், அதே கண். "ஐயா, உங்களால முடியாது, குடுங்க, உங்களுக்குப் பதிலா நான் பிடிச்சுக்கறேன்" என்று கையை நீட்டினான். பிரியமாகத்தான் சொன்னான்.

"வேணாம்பா, நானே வர்றேன்" என்றேன். பள்ளிவாசல் தெருமுனை வரைக்கும் அந்த மனுஷனுடைய பாரம் என் இடது தோளிலேயே இருந்தது. நான் விழவில்லை.